அடுப்படிக்குள் காமிரா

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. நிழற்படத்தின் அருமையும் அப்படிப்பட்டதே. ஒருவர் நம்முடன் இருக்கும்போது அவருடைய படத்தை யாரும் தேடுவதில்லை. அவர் மறைந்த பிறகு, சட்டம் போட்டு மாலையிடுவதற்கு ஒரு படம் வேண்டுமே என்று பெட்டி, அலமாரி, செல்பேசி என எல்லாவற்றையும் புரட்டுகிறோம்.

எங்கள் அப்பாயி 2022-ஆம் ஆண்டு காலமானார். வீடு முழுவதும் தேடியதில் கிடைத்தது, ஓர் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி, மங்கிய இடங்களைத் திருத்தி, கழுத்தளவில் ஒரு பட்டுச் சேலையையும் ஒட்டவைத்து, கண்ணாடிச் சட்டத்தில் கொண்டுவந்து மாட்டினார்கள். என் தம்பி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம அப்பாயி மாதிரியே இல்லையே" என்றான். உண்மைதான். அப்பாயி என்றால் எங்களுக்கு நினைவுக்கு வருவது, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கும் உருவம். அந்தக் காட்சியை நாங்கள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். ஆயிரம் முறை பார்த்ததனாலேயே ஒரு முறைகூடப் படம் எடுக்கவில்லை.

இக்கட்டுரை அந்தக் குறையிலிருந்து பிறந்தது. குடும்பத்தின் அன்றாட நிகழ்ச்சிகளை ஏன் படம் எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும், யாருடைய இசைவோடு எடுக்க வேண்டும், எடுத்ததை எவ்வாறு காக்க வேண்டும் என்பனவற்றை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

விறைத்து நின்ற காலம்

நம் வீட்டுப் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா. எல்லோரும் நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, காமிராவை முறைத்துப் பார்க்கிறார்கள். சிரிப்பவர் அரிது. இப்படி விறைத்து நிற்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை நிழற்படக் கலையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இன்று நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழைய காமிராப் படம், பிரான்சு நாட்டைச் சேர்ந்த நிசெஃபோர் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-இல் எடுத்தது. அவர் ஓர் அரண்மனையையோ அரசனையோ எடுக்கவில்லை. தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து தெரிந்த கூரைகளையும் சுவர்களையும்தான் எடுத்தார். அந்த ஒரு படம் பதிவதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. ஆகவே அதில் மனிதர் எவரும் இடம்பெற வழியில்லை.

அடுத்து வந்த லூயி டாகேர் 1838-இல் பாரிசு நகரத்துச் சாலை ஒன்றைப் படம் எடுத்தார். பகல் வேளை. வண்டிகளும் மக்களும் ஓடிக்கொண்டிருந்த சாலைதான். ஆனால் படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. படம் பதியச் சில நிமிடங்கள் ஆனதால், நகர்ந்தவை எல்லாம் மறைந்துபோயின. ஒரே ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். அவர் தம் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்றவர். மனித உருவம் தெரியும் மிகப் பழைய படங்களுள் ஒன்று இது. பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. காலணி துடைக்கும் ஒரு சாதாரண நேரம்தான்!

இதன் பின்னர் ஊர் ஊராகப் படப்பிடிப்பு நிலையங்கள் தோன்றின. அங்கும் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடிவிடாமல் இருப்பதற்காகக் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றையும் வைத்தார்கள். சிரிப்பை அவ்வளவு நேரம் முகத்தில் நிறுத்திவைப்பது கடினம். எனவே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்கள். ஆக, நாம் காணும் விறைப்புக்கு அந்தக் காலத்து வேதிப்பொருள்களின் மந்தமும் ஒரு காரணம். வேதிப்பொருள்கள் விரைவடைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நாமோ இன்னும் விறைப்பாகவே நிற்கிறோம். காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

விலையும் விசேஷமும்

இன்னொரு காரணம் பணம். நம் தமிழ்நாட்டுக்குக் காமிரா வந்தது மிகவும் முன்னதாகவே. 1856-இல் சென்னையில் ஒரு நிழற்படக் கழகம் தொடங்கப்பட்டது. அரசின் நிழற்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1857, 1858-ஆம் ஆண்டுகளில் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் வியக்கவைக்கின்றன. ஆனால் கோபுரத்துக்கு அருகிலிருந்த தெருவில் அன்று என்ன சமைத்தார்கள், குழந்தைக்கு யார் தலை வாரினார்கள் என்பதை அவை சொல்லமாட்டா. கற்றூண்களைப் படம் எடுக்க வந்த காமிரா அடுப்படிக்குள் நுழையவில்லை.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் 100 படங்கள் எடுக்கும் பிலிம் சுருள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி என்ற பெட்டிக் காமிரா வந்தது. காமிரா முதன்முதலாகச் சாதாரண வீடுகளுக்குள் புகுந்தது அப்போதுதான். நம் நாட்டில் அந்த நிலை வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட அரசின் பிலிம் ஆலை, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்தது. இன்று அது இயங்கவில்லை. அந்தக் காலத்தில் பலரிடம் இருந்த 'கிளிக் 3' போன்ற காமிராக்களில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தாம் எடுக்கலாம். சுருளுக்குக் காசு, கழுவுவதற்குக் காசு, அச்சுப் போடுவதற்குக் காசு. அந்தப் பன்னிரண்டில் ஒன்றை, அம்மா மாவு அரைப்பதற்காக எவர் செலவழிப்பார்? நல்ல நாளுக்கென்று சேர்த்துவைத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்றோ செல்பேசி பலர் கையில் இருக்கிறது. படம் ஒன்றுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனினும் நாம் எடுப்பவை என்ன? மறுபடியும் திருமணம், பிறந்தநாள், சுற்றுலா, நம்மை நாமே எடுத்துக்கொள்ளும் முகப் படங்கள். என் செல்பேசியில் இருந்த படங்களை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். என் முகம் 400 படங்களுக்கு மேல் இருந்தது. அம்மா இருந்தவை 23. அவற்றுள் அம்மா ஏதேனும் வேலை செய்துகொண்டிருந்த படம் ஒன்றுகூட இல்லை. நாள் முழுவதும் வேலை செய்யும் ஒருவர், வேலையே செய்யாதவராகப் படங்களில் வாழ்கிறார் என்றால், அந்தப் படங்கள் உண்மையைச் சொல்கின்றனவா?

வீட்டையே பாடமாகக் கொண்டவர்கள்

வீட்டு நிகழ்ச்சிகளை எடுப்பது கலையாகுமா என்று சிலர் ஐயுறலாம். பிரான்சு நாட்டின் ழாக் ஆன்ரி லார்த்திக் 1894-இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே தந்தை வாங்கிக்கொடுத்த காமிராவால் தம் வீட்டாரையே படம் எடுத்தார். படிக்கட்டிலிருந்து துள்ளிக் குதிக்கும் உறவுக்காரப் பெண்ணை அவர் எடுத்தது 1905-இல். அப்போது அவர் பதின்வயதைக்கூட எட்டவில்லை. அந்தப் படங்கள் வெகுகாலம் குடும்ப ஆல்பங்களிலேயே இருந்தன. 1963-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அதே காட்சியகத்தில் 1955-இல் எட்வர்டு ஸ்டெய்கன் என்பவர் 'மனிதக் குடும்பம்' என்ற பெயரில் ஒரு கண்காட்சி அமைத்தார். 68 நாடுகளிலிருந்து வந்த 503 படங்கள். பிறப்பு, உணவு, உழைப்பு, விளையாட்டு, இறப்பு என்று எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவானவையே அவற்றின் பொருள்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லின் தந்தையாகிய உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954) தம் மனைவியையும் இரு பெண்களையும் தம்மையும் வீட்டுக்குள் பல ஆண்டுகள் படம் எடுத்துவைத்தார். பின்னாளில் அவருடைய பேரன் விவான் சுந்தரம் அந்தப் படங்களை இணைத்தே ஒரு புதிய கலைத் தொகுதி படைத்தார். ஷேர்கில் குடும்பம் வசதி படைத்தது; நம்முடையது அப்படியன்று என்று சொல்லலாம். ஆனால் அன்று வசதி தேவைப்பட்டது காமிராவுக்காகத்தானே? அது இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறது.

வெளிச்சம்: அடுப்படியின் இயற்பியல்

இனி எடுக்கும் முறைக்கு வருவோம். சுவர் இருந்தால்தான் சித்திரம். வெளிச்சம் இருந்தால்தான் நிழற்படம்.

நண்பகல் வெயிலில் வெளிச்சத்தின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். குழல் விளக்கு எரியும் நம் வீட்டு அறையில் அது சுமார் 100 லக்ஸ்தான் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு! ஆனால் நம் கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. காமிராவுக்குப் புலப்படும். குறைந்த வெளிச்சத்தில் அது நீண்ட நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. கை சிறிது ஆடினாலும் படம் கலங்கிவிடுகிறது.

இதற்குப் பலரும் செய்வது, செல்பேசியின் மின்னொளியைப் பாய்ச்சுவது. அது நல்லதன்று. சிறிய ஒளிமூலத்திலிருந்து வரும் வெளிச்சம், தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருக்கிறோம். ஒரு மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் இரண்டு மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும். ஆகவே முன்னால் இருப்பவர் முகம் வெளுத்து, பின்னால் இருப்பவர் இருளில் மூழ்குவார். கண்ணில் ஒளி பட்டவுடன் இயல்பான முகமும் மாறிவிடும்.

ஆகவே, சன்னலையும் வாசலையும் நம்புங்கள். காலை 7 மணி முதல் 9 மணி வரையிலும், மாலை 4 மணிக்கு மேலும், சாய்வாக வரும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். காய் நறுக்குபவருக்குப் பக்கவாட்டில் சன்னல் இருக்குமாறு நாம் நகர்ந்துகொண்டால், முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி நிழலிலும் அமைந்து உருவம் திரண்டு தெரியும். நகர வேண்டியவர் படம் எடுப்பவர். வேலை செய்பவரை நகர்த்தக் கூடாது.

இட்லிப் பானையைத் திறக்கும்போது எழும் ஆவியை எடுக்க விரும்பினால், வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். அதற்குப் பின்புலமாக இருண்ட சுவர் இருக்க வேண்டும். நுண்ணிய நீர்த்துளிகள் தம்மீது படும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். ஆகவே ஒளிக்கு எதிரே நின்று பார்த்தால் ஆவி வெள்ளிபோல் மின்னும். ஒளியின் பக்கமாக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதே உண்மை சாம்பிராணிப் புகைக்கும் விறகுப் புகைக்கும் பொருந்தும்.

இரவில் விளக்கொளியில் எடுக்கும்போது சில வேளைகளில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது; எனவே பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. செல்பேசி, படத்தை வரிவரியாகப் பதிவதால், ஷட்டர் வேகம் மிகுந்திருந்தால் சில வரிகள் ஒளியிலும் சில வரிகள் இருளிலும் விழுகின்றன. வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் கோடுகள் பெரும்பாலும் மறையும்.

முக்கியமான ஒன்று: பல செல்பேசிகளில் முகத்தை வெளுப்பாக்கி வழவழப்பாக்கும் 'அழகு' வசதி நம்மைக் கேளாமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதை முதலில் நிறுத்துங்கள். அடுப்பருகே வேலை செய்த முகத்தின் நிறமும், நெற்றிச் சுருக்கமும், கையில் எண்ணெய் தெறித்த தழும்பும் அவருக்குரியவை. அவற்றை அழித்துவிட்டு எடுத்த படம் வேறொருவருடைய படம். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

அசைவும் கணமும்

கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால், அதற்குள் கை 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் கை கலங்கலாகத் தெரியும். 1/500 நொடியானால் 2 மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் அவ்வளவு வேகத்துக்கு வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. என்ன செய்வது?

இங்கே நம் முதலாண்டுப் பாடம் உதவுகிறது. ஊசலாடும் பொருள் தன் பாதையின் இரு கோடிகளிலும் ஒரு கணம் நிற்கும். நடுவில்தான் அதன் வேகம் மிகுதி. தூளியில் ஆடும் குழந்தையை, தூளி கோடிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் எடுங்கள். முறத்திலிருந்து மேலே எழும் அரிசி, உச்சியில் ஒரு கணம் நின்றுதான் கீழே இறங்கும். தலை வாரும் கை, சீப்பை உச்சியில் வைக்கும்போது நிற்கும். குழம்பை உள்ளங்கையில் சிறிது விட்டு உப்புப் பார்க்கும் அம்மாவின் கண்கள், நாக்கில் பட்டவுடன் அரை நொடி அசையாமல் இருக்கும். எல்லா வேலைக்கும் இப்படி ஒரு நிறுத்தம் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரே வழி, காமிராவைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த வேலையைச் சிறிது நேரம் கவனித்துப் பார்ப்பது. நான் அப்படிப் பார்த்தபோதுதான், அம்மா சப்பாத்தி தேய்க்கும்போது ஒவ்வொரு முறையும் இடது கையால் முந்தானையை ஒதுக்குகிறார் என்பதை இருபது வயதில் முதன்முதலாக அறிந்தேன்.

தூரமும் உயரமும்

செல்பேசியின் முதன்மை வில்லை, அகன்ற பரப்பைக் காட்டும் வகையைச் சேர்ந்தது. அதனால் முகத்துக்கு மிக அருகில் சென்று எடுக்கத் தோன்றும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 10 சென்டிமீட்டர் உண்டு எனக் கொள்வோம். 30 சென்டிமீட்டரிலிருந்து எடுத்தால் மூக்கு 30-இலும் காது 40-இலும் இருக்கும்; காதைவிட மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வேறுபாடு ஏழு விழுக்காடு அளவுக்குச் சுருங்கிவிடும். தள்ளி நில்லுங்கள். தள்ளி நின்றால் முகமும் இயற்கையாக இருக்கும், வேலையும் தடைப்படாது.

நம் வீடுகளில் பாதி வாழ்க்கை தரையில் நடக்கிறது. அரிவாள்மணை, பாய், கோலம், பந்தி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் தரையில்தான். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் விழும்; மேலிருந்து கீழே பார்ப்பதுபோல் இருக்கும். உட்கார்ந்திருப்பவரைப் படம் எடுக்க வேண்டுமானால் நாமும் உட்கார வேண்டும்.

பின்புறத்தில் தெரியும் பொருள்களை ஒதுக்கிவைக்காதீர்கள். எரிவாயு உருளை, மளிகைக் கடை நாள்காட்டி, ஆணியில் தொங்கும் மஞ்சள் பை, கொடியில் கிடக்கும் துணி ஆகியவை குப்பை அல்ல. அவை காலத்தின் சாட்சிகள். ஐம்பதாண்டுகளுக்கு முந்தைய படத்தைப் பார்க்கும்போது, ஆட்களைப் பார்த்துவிட்டு அடுத்து நாம் பார்ப்பது மூலையில் இருக்கும் வானொலிப் பெட்டியைத்தானே?

இந்தக் கோலத்திலா?

இதுவரை சொன்னது எளிய பகுதி. கடினமானது இனிமேல்தான்.

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா கொல்லையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல சாய்வு வெளிச்சம். நான் எடுத்தேன். நிமிர்ந்து பார்த்த அம்மா, "இந்தக் கோலத்துலயா எடுக்குற? இருடி, சேலை மாத்திட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். முகம் கழுவி, பவுடர் பூசி, நல்ல சேலை உடுத்தி வந்து, சுவரோரம் கைகளைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார். அதையும் எடுத்தேன். ஆனால் முதல் படமே எனக்குப் பிடித்திருந்தது. மாலையில் அதைச் செல்பேசியில் எல்லோரும் காணும்படி வைத்துவிட்டேன். தோழிகள் பாராட்டினார்கள்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் யாரோ அந்தப் படத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: "நான் மீன் கழுவுறது ஊருக்கே தெரியும். அதுல எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. என் நைட்டி கிழிஞ்சிருக்கறத ஊருக்கு ஏன் காட்டுன?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படத்தில் நான் ஒளியைப் பார்த்தேன்; கிழிசலைப் பார்க்கவில்லை. அம்மா அதைத்தான் முதலில் பார்த்தார். அம்மாவைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, அவருக்கு உரிய ஒன்றை அவரைக் கேளாமல் நான் பிறர்க்குக் கொடுத்துவிட்டேன். படத்தை நீக்கினேன்; மன்னிப்பும் கேட்டேன்.

நல்ல சேலை உடுத்தி நின்ற இரண்டாவது படத்தையும் நான் அதன் பிறகுதான் சரியாகப் பார்த்தேன். 'இதுதான் நான், இப்படித்தான் என்னைப் பிறர் பார்க்க வேண்டும்' என்று அம்மா சொல்லும் படம் அது. ஆண்டு முழுவதும் உழைப்பவர் ஒரு நாள் நேராக நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்புவது பொய் ஆகாது. பழைய விறைப்பான படங்களை இப்போது நான் சற்று மரியாதையுடன் பார்க்கிறேன். வேலை செய்யும் அம்மா, நேராக நிற்கும் அம்மா ஆகிய இருவரும் ஆல்பத்தில் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து சில விதிகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். எடுப்பதற்கு முன் வீட்டாரிடம் பொதுவாக ஒரு முறை இசைவு பெறுவது. எடுத்ததை அன்றே அவர்களிடம் காட்டுவது. அவர்கள் வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி அழிப்பது. வெளியில் காட்டுவதானால் தனியாக மறுபடியும் கேட்பது. குளிக்கும் குழந்தை, நோயுற்றவர், அழுபவர், உறங்குபவர் ஆகியோரின் படங்களை வீட்டுக்கு வெளியே அனுப்பவே கூடாது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சும் பெரியவர்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அறிவியல் படிக்கிறோம் என்பதற்காக அவர்களைக் கேலி செய்யாமல், கைகளையோ பாக்குவெட்டியையோ மட்டும் எடுக்கட்டுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் இசைவார்கள்.

இப்படிக் காட்டிக் காட்டி எடுத்ததில் ஒரு நன்மை விளைந்தது. ஒரு மாதம் கழித்து அம்மாவே என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பா அதிசயமா வேட்டி துவைக்கிறாரு, சீக்கிரம் வா" என்றார்.

காப்பது எப்படி?

எடுத்த படம் செல்பேசியிலேயே கிடந்தால், செல்பேசி கெடும் நாளில் அதுவும் போகும். ஆகவே குறைந்தது இரண்டு இடங்களில் பிரதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் அளவு சுருக்கப்படுகிறது. காப்பதற்கு அந்தப் பிரதி போதாது. மூலப்படத்தையே கணிப்பொறியிலோ தனிச் சேமிப்புக் கருவியிலோ ஏற்றிவைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது, தேர்ந்தெடுத்த சிலவற்றைக் காகிதத்தில் அச்சிடுவது. 4-க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1200-க்கு 1800 புள்ளிகள் போதும். 12 மெகாபிக்சல் காமிரா 4000-க்கு 3000 புள்ளிகள் தருகிறது. எனவே சாதாரணச் செல்பேசிப் படமே தாராளமாகப் போதும். ஆண்டுக்கு 12 படங்கள் அச்சிட்டால், பழைய பிலிம் சுருள் ஒன்றின் கணக்கு!

அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், இடம், நாள், செய்துகொண்டிருந்த வேலை ஆகிய நான்கையும் எழுதுங்கள். பேனா மை ஊறி மறுபக்கம் தெரியும். பசை தடவிய ஆல்பத் தாள்களில் ஒட்டினால் நாளடைவில் படம் பிய்க்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாலும் ஈரத்தில் இதே கதிதான். இடையில் ஓர் அட்டை விளிம்பு வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் படத்தை மாட்டக் கூடாது.

வீட்டுப் படங்கள் வீட்டாருக்கு மட்டுமே உரியவை என்றும் எண்ண வேண்டியதில்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தோடு, தமிழ்நாட்டுப் பழைய படப்பிடிப்பு நிலையங்களின் படங்களையும் குடும்பப் படங்களையும் தேடி எண்முறையில் பதிவு செய்திருக்கிறது. அரசர்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டு உண்டு. கல்வெட்டில் இடம்பெறாத நம்மைப் போன்ற குடும்பங்களின் வரலாற்றுக்கு இத்தகைய படங்களே சான்று.

முடிவாக

நாம் கல்லூரிக்கு வந்த பிறகு வீட்டில் இருக்கும் நேரம் குறைந்துவிட்டது. நாளை வேலை கிடைத்தால் இன்னும் குறையும். வீடும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆட்டுக்கல் படிக்கட்டாகிவிட்டது, முறம் பரணுக்குப் போய்விட்டது. திருமணப் படம் எடுக்க ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். உங்கள் அம்மா உப்புப் பார்க்கும் படத்தை எடுக்க இவ்வுலகில் உங்களைத் தவிர வேறு எவரும் வரப்போவதில்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் வீட்டில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள், அதன் பிறகு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், பெயரும் நாளும் எழுதிவையுங்கள். எங்கள் அப்பாயி அரிசி புடைத்த படம் இனி எனக்குக் கிடைக்காது. அவருடைய முறம் மட்டும் பரணில் இருக்கிறது. சென்ற மாதம் அதை இறக்கித் துடைத்து அம்மாவிடம் கொடுத்தேன். காலை எட்டு மணி வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து அம்மா புடைத்தார். அரிசி மேலே எழுந்து நின்ற கணத்தில் எடுத்தேன். படத்தை வாங்கிப் பார்த்த அம்மா, "இத ஒரு காப்பி போட்டு உங்க அத்தைக்குக் குடு" என்றார்.